ஓனர் யாரு மேடம்?

எங்கள் தையல் கடைக்கு ஓனர் யார் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போனில்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான்தான் அந்த இடத்திலேயே நின்றுபோனேன்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில், பங்க்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருகிறவர்கள் எங்கள் வாசலில் நிறுத்தி, கோட்டைக்கு எப்படிப் போகணும் என்று கேட்பார்கள். மலை அவர்கள் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும். நான் எரிந்து விழுவேன். என் ஓரகத்தி எழுந்து வெளியே போய்க் கையை நீட்டி வழி காட்டிவிட்டு வருவாள். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. அறையில் இருக்கும் இரண்டு மெஷினில் ஒன்று என்னுடையது, இன்னொன்று அவளுடையது.

நாங்கள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்ப்பார்கள். எவள் கை சும்மா இருக்கிறதோ அவளிடம் பையைக் கொடுப்பார்கள். பைக்குள் துணி இருக்கும், லைனிங் இருக்கும், அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் இருக்கும். உடம்பில் டேப் வைத்து அளக்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அந்த அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் வெட்டுவோம். நான் வாங்கிய பையை அவள் வெட்டுவாள். அவள் வெட்டியதை நான் மூட்டுவேன். கழுத்து வளைவை அவள் என்னிடம் தள்ளிவிடுவாள், கை ஏற்றுகிற வேலையை நான் அவளிடம் தள்ளிவிடுவேன். வருகிற காசு ஒரே டிராயரில் கிடக்கும். இத்தனை வருஷத்தில் இது யார் கடை என்று நாங்களும் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை.

விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிற என் பெண்தான், அந்தக் கேள்வி வந்த போன் க்ளாசில் என்னைச் சேர்த்துவிட்டாள். ஒரு லீவு நாளில் நான் போனில் எவரோ மண்ணில் நீச்சல் குளம் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்மா, எவனோ குழி தோண்டுறத எவ்ளோ நேரம்தான் பாப்ப? இதப் பாரு, பொம்பளைங்களுக்கு பிசினஸ் சொல்லித் தர்றாங்க. தமிழ்லதான். ஃப்ரீ" என்று போனைப் பிடுங்கி ஏதோ அழுத்திக் கொடுத்தாள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆசை அதைவிடச் சீக்கிரம் வரும். அன்றைக்கே முதல் பாடத்தைப் பார்த்தேன்.

பாடம் சொன்னவர் என் பெண்ணைவிட நாலைந்து வயசுதான் பெரியவராக இருப்பார். நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். பாடம் சொல்கிறவர் சார்தானே? பதிவு செய்த பாடங்களை நாமே பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் நேரடி க்ளாஸ். கட்டம் கட்டமாக எல்லா ஊர்ப் பெண்களின் முகமும் தெரியும். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது என்பதால், போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்து, மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிற மாதிரி சவுண்டை ஏற்றி வைத்துக்கொள்வேன். ஓரகத்திக்கும் எல்லாம் காதில் விழும்.

முதல் பாடத்திலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. உங்கள் கஸ்டமர் யார், ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள் என்றார். ஜாக்கெட் போடுகிற எல்லாரும்தான் என்று அனுப்பினேன். எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம், மறுபடி யோசியுங்கள் என்று பதில் வந்தது. எல்லாரும் எப்படி யாரும் இல்லாமல் போவார்கள்? பாதி நாள் யோசித்துவிட்டு ஓரகத்தியிடம் கேட்டேன். அவள் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அவரு ஜாக்கெட் தச்சிருக்காராக்கா?" என்றாள்.

"அதில்லம்மா, பொதுவா சொல்றாரு."

"பொதுவான்னா சரி" என்று மறுபடி ஊசியைக் கவ்விக்கொண்டாள்.

அடுத்த பாடம் இன்னும் மோசம். கஸ்டமருடைய கஷ்டம் என்ன என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பக்கத்தில் இருக்கிற வல்லத்திலிருந்து ஓர் அம்மா எங்களிடம் வெகு காலமாகத் தைக்கக் கொடுக்கிறார். கடலை போட்டு எடுக்கிற வீடு. அவர் பை எப்போதும் லேசாகச் செம்மண் வாசனை அடிக்கும். அன்றைக்கு அவர் வந்ததும் நான் நேராகவே கேட்டேன்: "எங்க கடையில உங்களுக்கு இன்னா பிரச்சனை? மறைக்காம சொல்லுங்க."

அந்த அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. "ஐயய்யோ, நான் ஒண்ணும் சொல்லலியே! யாரு வந்து உங்கிட்ட மூட்டி உட்டது?"

"யாரும் மூட்டி உடல. நீங்களா சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்."

"எங்க தெருவுல அந்த மாவு மில்லுக்காரிதான சொன்னா? அவ நாக்குல சனி. நான் உங்க ரெண்டு பேரத் தவிர வேற யாருகிட்டயும் துணி குடுத்ததே இல்ல, சாமி சத்தியமா" என்றவர், பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அந்த நேரத்தில் வல்லத்துக்கு பஸ்சே கிடையாது. ஓரகத்தி மெஷின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாடத்துக்கு என்ன பதில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை க்ளாசில்தான் அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார். என் முறை வந்தது. தையல் கடை, இந்த ஊர், இன்னின்ன தைக்கிறோம், நானும் என் ஓரகத்தியும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன்.

"சூப்பர் மேடம். ஓனர் யாரு?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்தான் என்று சொன்னால் பக்கத்தில் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறவள் யார்? வேலைக்காரியா? அவள்தான் என்று சொன்னால் அது பொய். இரண்டு பேரும் என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த நேரத்தில் அதுவும் சரியாகப் படவில்லை. இரண்டு பேர் ஓனர் என்றால் ஆளுக்குப் பாதி என்று ஆகிறது. எந்தப் பாதி யாருடையது? கழுத்து என்னுடையதா, கை அவளுடையதா? இதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்க, கட்டத்தில் இருந்த முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன.

"மேடம்? நெட்வொர்க் போச்சா மேடம்?"

"இல்ல சார், இருக்குது."

"ஓகே மேடம். இது ரொம்ப முக்கியமான விஷயம். யாரு ஓனர், யாருக்கு என்ன பொறுப்புன்னு தெளிவு இல்லாததாலதான் நிறைய தொழில் மூடிடுது. உங்க பார்ட்னரோட ஒரு நாள் உக்காந்து பேசுங்க. ஒரு மீட்டிங் போடுங்க. முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுங்க."

எங்கள் கடை மூடிவிடும் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஓரகத்தியிடம் சொன்னேன்: "நாளைக்கு நாம உக்காந்து பேசணும்மா."

அவள் மிதி நின்றது. "எதப் பத்திக்கா?"

"கடையப் பத்தித்தான். யாருக்கு எது, இன்னான்னு ஒரு தெளிவு பண்ணிக்கலாம்."

"சரிக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து டீ வந்தது. அவள் டம்ளர் அப்படியே ஆறி ஆடை படிந்துபோயிருந்தது. நான் மீட்டிங்கில் என்னென்ன கேட்க வேண்டும் என்ற யோசனையில் இருந்தேன்.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் என் ஓரகத்தியின் அண்ணன், தளவானூரிலிருந்து வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் சிரிப்பு இல்லை. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே என் கொழுந்தனார் வந்தார். அதற்குப் பின்னால், மார்க்கெட் கமிட்டியில் எடை போடுகிற வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் வந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார்.

"இன்னாத்த சொல்லணும்?"

"பிரிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு இன்னாத்தயாம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் உட்கார்ந்து பேசக் கூப்பிடுவதில்லை. பேச வேண்டியதை நின்றபடி, நடந்தபடி, பாத்திரம் தேய்த்தபடி பேசிவிடுவோம். உட்கார்ந்து பேசணும் என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னால் பாகம் பிரிக்கப் போகிறோம் என்றுதான் பொருள். மாமனார் போன பிறகு வீட்டைப் பிரித்தபோதும் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அன்றைக்கு எழும்பிய சுவர் இன்னும் இரண்டு குடித்தனத்துக்கும் நடுவில் நிற்கிறது. பாகம் என்றால் பெண்ணுக்குத் தாய் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் அண்ணனை வரவழைத்திருக்கிறாள். போனில் வந்த பாடத்தைக் கேட்டு, இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தில் இருந்த எனக்கே அது மறந்துபோயிருந்தது.

"ஐயோ, அதில்லங்க. இது மீட்டிங்கு" என்றேன்.

"அதான் வந்துட்டோம்ல" என்றார் தளவானூர்க்காரர்.

"பிரிக்கிற மீட்டிங் இல்ல. க்ளாசுல சொன்னாங்க..."

"பிரிக்கச் சொல்லி க்ளாசுல சொல்லித் தர்றாங்களா?" என்று என் கொழுந்தனார் வாயைப் பிளந்தார். என் வீட்டுக்காரர் எனக்கு உதவி செய்கிறேன் பேர்வழி என்று, "இப்ப எல்லாம் அப்படித்தாம்பா, போன்ல எல்லாத்தயும் சொல்லித் தர்றான்" என்றார். நான் பேசப் பேசச் சிக்கல்தான் கூடியது. 'தெளிவு' என்று நான் சொன்னால் அவர்களுக்குப் 'பாகம்' என்று கேட்டது. 'பொறுப்பு' என்று சொன்னால் 'பங்கு' என்று கேட்டது. ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த சாரும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னாரோ?

வந்த மனிதர்களுக்கும் எதையாவது பிரிக்காமல் எழுந்து போக முடியவில்லை. லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மெஷின் அவரவருடையது, அதில் தகராறு இல்லை. டேபிள் யாருக்கு என்று பேச்சு வந்தது. பிறகு கஸ்டமரை எப்படிப் பிரிப்பது என்று அண்ணன் கேட்டார். அவரே, "அந்த அளவு ஜாக்கெட்ட வச்சிப் பிரிச்சிடலாம்" என்றார். அலமாரியிலிருந்து எல்லா ஜாக்கெட்டையும் எடுத்து டேபிளில் கொட்டினோம்.

ஊரே அங்கே கிடந்தது. வெளுத்தது, அக்குள் கிழிந்தது, ஹூக் போனது. முதல் ஜாக்கெட்டை எடுத்தாள் ஓரகத்தி. "இது ஆஸ்பத்திரி நர்சம்மாது. அக்காவுது" என்று என் பக்கம் போட்டாள். நீதானே போன தடவை அவங்களுக்குக் கை வைத்தாய் என்று நான் அவள் பக்கம் தள்ளினேன். "கழுத்து நீ அடிச்சது" என்று திருப்பிப் போட்டாள். அடுத்ததையும் என் பக்கம் போட்டாள். அதற்கு அடுத்ததையும். அவள் முகம் இறுகிப்போயிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறி, எல்லாவற்றையும் வாரி அவள் பக்கம் தள்ளினேன். இரண்டு பேரும் எனக்கு வேணும் என்று சண்டை போட்டிருந்தால் அந்த ஆண்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். எனக்கு வேணாம் என்று போடுகிற சண்டைக்கு அவர்களிடம் வழி இல்லை.

"ஏம்மா இப்படிப் பண்ற? நான் இன்னா சொல்லிட்டேன் உன்ன?" என்று கத்தினேன்.

அவள் ஜாக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணும் சொல்லல. அதான். ஓனர் யாருன்னு அவரு கேட்டாரு. நான் பக்கத்துலயேதான இருந்தேன்? நீ வாயே தொறக்கலியேக்கா."

நான் ஏன் பேசவில்லை என்று எனக்கே தெரிந்தால்தானே அவளுக்குச் சொல்ல முடியும்? மத்தியானம் அவள் அண்ணன் கூப்பிட்ட குட்டி யானை வண்டி வந்தது. அவளுடைய மெஷினைத் தூக்கி வைத்துக் கட்டினார்கள். அளவு ஜாக்கெட் எல்லாம் டேபிள் மேலேயே கிடந்தன. கத்தரியை மட்டும் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் நடந்து போனாள்.

அவள் மெஷின் இருந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. கஸ்டமர்கள் வருவார்கள், அந்தக் கறையைப் பார்ப்பார்கள், "அவங்க எங்க?" என்பார்கள். "வீட்டுல தைக்கிறாங்க" என்பேன். பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். என் கை சும்மா இருந்தால்தானே கொடுப்பதற்கு? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் வரேன் என்று எழுந்துவிடுவார்கள். இனிமேல் கடை முழுக்க என்னுடையது, கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து, பாதிப் பாடங்களை முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று போனில் வந்தது.

வீட்டிலோ சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மெஷின் சத்தம் கேட்கும். நேராக ஓடும். பிறகு ஒரு இடத்தில் நிற்கும். கழுத்து வளைவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடும். குழாயடியில் பார்த்துக்கொண்டால், "தண்ணி வருதா?" "வருது." அவ்வளவுதான் பேச்சு. என்மேல் கோபமா, வருத்தமா, ஒன்றும் விளங்கவில்லை. அவள்மேல் எனக்கு என்ன என்பதும் விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை க்ளாசுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்தேன். அதே நேரத்தில் வல்லத்து அம்மா வந்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம். ஒரே பையில் பிதுங்கப் பிதுங்கத் துணி. நான் பழைய கேள்வியைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்தபடியே உட்கார்ந்தார். கறையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இல்லாம நீ எப்படிம்மா இத்தனயும் முடிப்ப?" என்றார்.

"மேடம், செஞ்சி மேடம்! மீட்டிங் போட்டீங்களா? முடிவு பண்ணியாச்சா? ஓனர் யாரு?" என்று போன் கேட்டது.

எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். "மேடம், வீடியோ ஆடுது மேடம்" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். வெயில், ரோடு, ஆடுகள், மலை என்று எல்லா ஊர்ப் பெண்களும் பார்த்திருப்பார்கள். வீட்டுக்குப் போய், அவள் பக்கத்துக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தேன். மெஷின் முன்னால் பாதிக் கழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சார், எனக்குச் சொல்லத் தெரியல சார். இவளக் கேளுங்க. இவ சொன்னா சரி."

"ஓகே மேடம், வணக்கம் மேடம். நீங்க சொல்லுங்க. உங்க கடைக்கு ஓனர் யாரு?"

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நான்தான் என்று சொல்லட்டும் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றோடு நிம்மதியாகியிருப்பேன். அவள் எங்கேயோ தேடுகிறாள் என்று தெரிந்தது. ஒன்றும் வரவில்லை.

"மேடம்? நெட்வொர்க் போச்சா மேடம்?"

அவள் மெதுவாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதானாக்கா அன்னிக்கு?" என்றாள்.

"இதான்" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். போனை வாங்கத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்தேன். என் இன்னொரு கையில் வல்லத்து அம்மாவின் பை இருந்திருக்கிறது. எடுத்து வந்ததே எனக்குத் தெரியாது. பையை வாங்கி உள்ளே கையை விட்டுத் துழாவினாள். "அளவு ஜாக்கெட் எங்க?"

"அவங்ககிட்டதான் இருக்கும். கடையில உக்காந்திருக்காங்க."

"கடையில யாரு இருக்கா?"

"அவங்கதான்."

"கஸ்டமர உக்கார வச்சிட்டு வந்துட்டியா? நல்ல ஆளுக்கா நீ" என்று எழுந்து செருப்பைத் தேடினாள். போனில் அந்த சார் இன்னும் மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அப்புறம் சொல்றோம் சார் என்று சொல்லி வைத்தேன்.

கடைக்குப் போனபோது வல்லத்து அம்மா டேபிளுக்குப் பின்னால், என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் யாருடையதோ ஒரு பை. "இப்பதான் ஒரு பொண்ணு வந்து குடுத்துட்டுப் போச்சு. நீங்க யாரும் இல்ல. என் கை சும்மாதான இருக்குதுன்னு நானே வாங்கி வச்சேன்" என்றார். "தப்பாம்மா?"

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு பையையும் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டாள்.